இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா

தம்பி,

நேற்றுக் காலையும் அந்தக் கேள்வி வந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் கிணுகிணுத்தது, வத்தளையிலிருந்து நீ. வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ என்று பதறிப்போய், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திறந்தால், இரண்டு ரிவோல்வர்களின் படம். ஒன்றின் கீழே இரண்டு என்றும் மற்றதன் கீழே மூன்று என்றும் போட்டிருந்தாய். "அம்மா, ரெண்டு இஞ்சோ மூண்டு இஞ்சோ? கடைசியாச் சொல்லுங்கோ." இந்தக் "கடைசியா" என்ற சொல்லை நீ இந்த மாதம் எத்தனை தரம் அனுப்பியிருக்கிறாய் என்று மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது தரம். தேங்காய் அப்படியே கிடந்தது, சம்பலும் இல்லாமல் வெறும் பாண் துண்டைத் தின்றேன். ஒரு துப்பாக்கியின் குழல் எவ்வளவு நீளமாக இருக்கவேண்டும் என்று அறுபத்தெட்டு வயதில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு யோசிக்கும் தாய் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போனில் உன்னோடு கதைத்து முடியாது. நான் ஒன்று சொல்லத் தொடங்க, "ஆ? என்ன? கேக்கேல்ல" என்பாய். பிறகு யாரோ ஒரு வெள்ளைக்காரன் வயலுக்குள் நின்று தர்பூசணிப் பழத்தைச் சுடும் வீடியோவை அனுப்புவாய். அதனால் எழுதுகிறேன். அதுவும் உனக்கு மட்டும் மூடிய கடிதமாக எழுதவில்லை, எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் உன் கலியாண வரவேற்பில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு முன்னால் நீ ஒரு கதை சொன்னாய். எங்கள் அம்மா கையைக் கார் ஜன்னலால் வெளியே நீட்டி வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி வைத்தா, கள்ளர் ரெண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்கள் என்று. சனம் கை தட்டியது. மதுரா, பாவம், மணமகள் கோலத்தில் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முந்நூறு பேருக்குச் சொன்ன கதையை உன் காதுக்குள் மட்டும் சொல்லித் திருத்துவது சரியில்லை.

நிலைமை என்னவென்று வாசிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு நகைக்கடை. சின்னக் கடைதான், கலியாண வேலை அதிகம். இவனுடைய அப்பா இருதய வருத்தத்தில் போனபிறகு நான் கடையில் இருந்தேன். என் பெயரில் ஒரு ரிவோல்வருக்கு அனுமதிப்பத்திரமும் இருந்தது. இந்த வருடம் அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் டொக்டர் என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கை ஆடியது. அவர் பேனையை மூடிவிட்டார். ரிவோல்வரை ஒப்படைத்துவிட்டேன். இப்போது கடை மகனுடையது, அவனுடைய விண்ணப்பமும் சரிவந்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் வாங்கவேண்டும். வருகிற சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போகிறானாம். வாங்குவது நிச்சயம், எது என்பதுதான் இவனுக்கு இன்னும் முடிவாகவில்லை.

உனக்கு எதுதான் உடனே முடிவாகியிருக்கிறது, சொல். கலியாணக் கார்ட்டுக்குத் தாள் தெரிவுசெய்ய ஆறு கிழமை எடுத்தாய். கடைசியில் அச்சகக்காரரே பொறுக்கமுடியாமல் ஒன்றை எடுத்து அடித்துத் தந்தார். வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போய், கதவு இடப்பக்கம் திறப்பதா வலப்பக்கம் திறப்பதா என்று யோசித்ததில் மதுரா ஒரு கோடை முழுவதும் பக்கத்து வீட்டில் மீன் வைத்து எடுத்தாள். அவளுடைய பொறுமை எனக்கு இல்லை. இருந்திருந்தால் உன் அப்பாவோடு இன்னும் கொஞ்சம் குறைவாகச் சண்டை பிடித்திருப்பேன்.

போன ஞாயிறு இங்கே வந்தபோது நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. என் சமையலறை அடிமட்டத்தை எடுத்து, இரண்டு தோசைக் கரண்டிகளில் அளந்து அடையாளம் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றாக இடுப்புக்குள் செருகிக்கொண்டு கதிரையில் இருந்து பார்த்தாய். "மூண்டு இஞ்ச் இருக்கேக்க அடிவயித்தில குத்துதம்மா" என்றாய். ராசா, அது குழலின் பிழை இல்லை. அந்த வயிறு கலியாணத்துக்குப் பிறகு வந்த வயிறு. இரண்டு அங்குலம் வைத்தாலும் அது குத்தத்தான் செய்யும், மதுராவின் கறியைக் கொஞ்சம் குறை. பிறகு நான் கேட்டேன், கோயிலுக்குப் போனால் என்ன செய்வாய் என்று. சட்டையைக் கழற்றி வேட்டியோடு உள்ளே போகிறவன், இடுப்பில் ரிவோல்வரை வைத்துக்கொண்டு எப்படிப் பிரகாரம் சுற்றுவாய்? ஐயர் திருநீறு தர வரும்போது அவர் கண்ணில் அதுதானே முதலில் படும்? "அப்ப காருக்குள்ள வச்சிட்டுப் போவன்" என்றாய். பூட்டிய காருக்குள் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு அனுமதி கொடுத்தவர்களைச் சொல்லவேண்டும். கோயில் நாளில் அதை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டு, திறப்பை மதுராவிடம் கொடு. குழல் எந்த நீளமானாலும் இந்த ஒரு விஷயம் மாறாது.

இவ்வளவுக்கும் நீ இரண்டு அங்குலத்தின் பக்கம்தான் சாய்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். ஞாயிறு போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னாயே, "அம்மா, நீங்க ரெண்டு இஞ்ச வச்சுத்தானே ஒரே வெடியில கலைச்சனீங்க. எனக்கும் அது காணும்." நீ லிஃப்டில் இறங்கிப் போய்விட்டாய். நான் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இதோ இப்போது, மூன்று நாள் கழித்து, எழுதுகிறேன்.

நான் எப்படி அந்த இரண்டு அங்குலத்தை வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உன் அப்பா இறந்து ஒரு வருடம் இருக்கும். துப்பாக்கிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சேலை, கைப்பை, மூக்குக்கண்ணாடி. "நோனாட்ட பொடி எக ஹொந்தய்" என்றார் சிங்களத்தில், அம்மணிக்குச் சின்னதுதான் நல்லது என்று. நானும் தலையாட்டினேன். பெண், அதனால் சின்னது. அவர் நினைத்தது அவ்வளவுதான். நான் நினைத்தது வேறு. ஒரு தமிழ்ப் பெண்ணின் கைப்பைக்குள் துப்பாக்கி இருக்கிறது என்பது எந்தக் காலத்திலும் இந்த ஊரில் சும்மா விஷயம் இல்லை. கடிதம், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும், யாரும் காணக்கூடாது என்பதுதான் எனக்கு முதல் எண்ணம். ஒளிக்க எது வசதி என்று பார்த்தேன். சுட எது வசதி என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. துப்பாக்கி வாங்கப் போன இடத்தில் அதை மட்டும் நினைக்காமல் வந்தவள் நான்.

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு முன்னாள் சார்ஜன்ட் இருந்தார். நல்ல மனிதர். என் ரிவோல்வரைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. சின்னது என்றால் லேசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், இது ஏற்கனவே சுடத் தெரிந்தவர்களுக்கானது என்று சிங்களத்தில் சொன்னார். பாரம் குறைந்தால் உதை கூடும். குழல் குறுகினால் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையில் தூரம் குறையும், கை ஒரு நெல்லளவு அசைந்தாலும் குண்டு எங்கேயோ போகும். சுட்ட வெற்றுக் கோதுகளைத் தள்ளும் கம்பிகூடக் குட்டை, எல்லாக் கோதும் விழாது, ஒன்றிரண்டை நகத்தால் கிளறி எடுக்கவேண்டும். முதல் வெடியில் நான் கத்தியே விட்டேன். "பய வெண்ட எப்பா, நோனா," பயப்படவேண்டாம் என்றார். பயம் போகவில்லை. மாதம் ஒருதரம் வரச்சொன்னார். இரண்டு தரம் போனேன். பிறகு கலியாண சீசன் வந்தது, பிறகு மழை வந்தது, பிறகு எனக்கு முழங்கால் நோவு வந்தது. மூன்று வருடம் அந்த ரிவோல்வர் என் கைப்பையின் அடியில், பனடோல் அட்டைக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் கீழே, ஒரு ரவையும் செலவழியாமல் கிடந்தது.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். உனக்கு இருபத்திநாலு வயது. அடுத்தநாள் வத்தளையில் ஒரு கலியாணம், தாலிக்கொடி நாங்கள் செய்தது. மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்து, விளக்கேற்றி, பொன்னுருக்கி, அந்தப் பொன்னைக் கொண்டுவந்து செய்த தாலி. அதை நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நீ கார் ஓடினாய், நான் உனக்கு இடப்பக்கம் முன்சீட்டில், தாலிக்கொடி வைத்த கைப்பை மடியில். பெரிய றோட்டில் லொறிகள் நிற்கின்றன என்று முகத்துவாரத்துப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் திருப்பினாய். பத்து மணி வெயில். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது. ஒருவன் அதிலேயே இருந்தான். மற்றவன் உன் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, உள்ளே குனிந்து, உன் கழுத்தில் கத்தியை வைத்தான். "பேக் எக தீபங்" என்றான், பையைத் தா என்று. நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். "அம்மா, குடுங்கோ" என்றாய். நீ அப்படிச் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லை என்பாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டேன். முதலில் கையில் அகப்பட்டது மூக்குக்கண்ணாடிக் கூடு. அதை உதறிவிட்டு மறுபடி துழாவினேன். பிறகு வெடித்தது. உனக்கு இடது காதுக்குள் ஏதோ கிழிந்ததுபோல் இருந்தது, நீ ஸ்டீயரிங்கில் கவிழ்ந்தாய், கள்ளன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். உன் கழுத்தில் ஒரு கீறல். நான் உன்னை ஓர் ஆட்டோவில் ஏற்றிக் காதுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பொலிஸ் வரும்வரை அங்கே நின்றேன். பயமுறுத்தச் சுட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். பிறகு ஆட்டோ பிடித்து, முகூர்த்தத்துக்கு ஒருநாள் முன்னதாகவே தாலிக்கொடியை மாப்பிள்ளை வீட்டில் ஒப்படைத்தேன். மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க மனுசியில்ல, தெய்வம்" என்றா. அந்த வீட்டிலிருந்துதான் கதை கிளம்பியது. வானத்தைப் பார்த்துச் சுட்டா என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

தம்பி, நான் கையை எந்த ஜன்னலால் வெளியே நீட்டினேன்? என் பக்கத்துக் கண்ணாடி அன்று மூடியிருந்தது. அது திறக்காது. சுற்றும் கைப்பிடி உடைந்து இரண்டு மாதம், நீ "திருத்துறன், திருத்துறன்" என்று சொல்லிச் சொல்லித் திருத்தாமல் விட்டிருந்தாய். எட்டு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறாய், ஒருதரமாவது அதை யோசித்தாயா? நான் வானத்தைப் பார்த்துச் சுடவில்லை. காருக்குள் இருந்துதான் சுட்டேன். உன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, அவனுடைய நெஞ்சைப் பார்த்துச் சுட்டேன். கைக்கு எட்டும் தூரத்தில் நின்றவன். அவன்மேல் படவில்லை. அந்தக் குட்டை ரிவோல்வர் கையில் துள்ளியது. குண்டு உன் தலைக்கு மேலே, கதவும் கூரையும் சேரும் இடத்தில் போய்ச் செருகியது. இரும்பு வெளிப்பக்கம் பூப்போல விரிந்திருந்தது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் நான் காரைக் கராஜில் விட்டுவிட்டேன். அந்தக் கிழமையே கார் விற்கப்பட்டது. ராசியில்லாத கார் என்று நான் சொன்னதை நீயும் நம்பினாய். ஆனால் விடுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். சங்கிலி அளக்கும் அடிமட்டம் என் பையில் இருந்தது. உன் சீட்டின் தலைசாயும் இடத்தில் உன் தலை எண்ணெய்க் கறை ஒன்று இருக்கும், எத்தனை தரம் துவாய் போடச் சொல்லியும் நீ கேட்டதில்லை. அந்தக் கறையிலிருந்து அந்த ஓட்டைவரைக்கும் வைத்து அளந்தேன். ஐந்து அங்குலம். இரண்டு தரம் அளந்தேன், இரண்டு தரமும் ஐந்துதான். உன் காது இன்றைக்கும் சரியாகக் கேட்காததற்குக் காரணம் கள்ளன் இல்லை, நான். நீ போனில் "ஆ?" என்று கேட்கும்போதெல்லாம் நான் ஏன் சினந்து விழுகிறேன் என்று மதுரா ஒருமுறை கேட்டாள். வயசு என்றேன். வயசு இல்லை. பொலிஸ்காரர் யாராவது இதை வாசித்துவிட்டு வந்தால் வரட்டும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொல்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று அங்குலம் வாங்கு. இரும்பில் செய்ததாகப் பார்த்து வாங்கு, பாரமாக இருக்கட்டும், கையில் துள்ளாது. ஒளிக்க வசதி என்று எவனாவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வா. வயிற்றில் குத்தினால் குத்தட்டும், இடுப்பின் பின்பக்கச் சாய்வில் வைத்துப் பார், அதற்குத் தோதான உறையை அளவு கொடுத்துத் தைப்பி. மாதம் ஒருதரம் பயிற்சிக்குப் போ. கலியாண சீசனிலும் போ, மழையிலும் போ. காதை அடைத்துக்கொண்டு சுடு, மிச்சமிருக்கிற ஒரு காதையாவது காப்பாற்று. போக முடியாது என்று இப்போதே தெரிந்தால், சனிக்கிழமை எங்கேயும் போகவேண்டாம், இங்கே வா, நண்டுக் கறி வைக்கிறேன். அந்த அனுமதிக் கடிதம் காலாவதியாகட்டும். பயிற்சி இல்லாத கையில் இரண்டு அங்குலமும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான். இப்படிச் சொல்லிவிட்டேன் என்பதற்காக நீ மறுபடி ஒரு மாதம் யோசிக்கத் தொடங்காதே, எனக்குப் பிரஷர் ஏறுகிறது.

நீளத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதை நீ ஒருநாளும் கேட்கவில்லை. இடுப்பில் அது இருக்கும்போது யாராவது வந்து பையைத் தா என்றால் என்ன செய்வாய்? கொடுத்துவிடு. மதுரா பக்கத்தில் இருந்தால் இன்னும் கெதியாக, உடனே கொடுத்துவிடு. அது யாருடைய நகையாக இருந்தாலும் சரி, யாருடைய தாலியாக இருந்தாலும் சரி. பையைக் கொடுத்தபிறகும் அவன் உன்மேல் பாய்ந்தால் மட்டும் அதை எடு. அதற்காக மட்டும்தான் அது.

அன்றைக்கு நீ கொடுங்கோ என்றாய், நான் கொடுத்திருக்கவேண்டும். கள்ளனுக்குப் பயந்து சுட்டேன் என்றால் அது பொய். கத்தியைக் கண்டு நான் பயப்படவில்லை. பொன்னுருக்கிய தாலியைப் பறிகொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அந்த மாப்பிள்ளை வீட்டுப் படியில் எப்படி ஏறுவது என்பதுதான் அந்த நொடியில் என் தலைக்குள் நின்றது. கொட்டாஞ்சேனையில் நாலு பேர் என்ன சொல்வார்கள், கடையின் பெயர் என்னாகும் என்பது நின்றது. நீ நிற்கவில்லை, தம்பி. கழுத்தில் கத்தியோடு நீ எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தாய், எனக்கு நீ ஞாபகத்தில் இல்லை. அந்தப் படியில் ஏறி, தாலி போய்விட்டது, என் பிள்ளை இருக்கிறான், பொன்னை இன்னொருதரம் உருக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் உருக்கியிருப்பார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் நான் உன் முகத்துக்கு முன்னால் சுட்டேன்.

அம்மா